ஃப்ரீசர் அக்கா துப்பாக்கி பிடித்த காலை

ஆக்லாந்தில் பிணத்தைக் கண்டு பயப்படாத தமிழர்கள் சிலர் இருக்கலாம். பிணமே பார்த்துப் பயப்படும் தமிழர் ஃப்ரீசர் அக்கா ஒருவர்தான்.

மாசி என்ற புறநகரில் நான் வாடகைக்கு இருந்தபோது அவர் பக்கத்து வீட்டுக்காரர். மலேசியாவிலிருந்து வந்தவர். இறந்தவர்களைக் குளிப்பாட்டி, தைத்து, பவுடர் போட்டு அனுப்புவது அவர் வேலை. குளிர் அறையிலேயே புழங்கிய கைகள் கோடையிலும் ஐஸ்தான். டீ கொடுத்துக்கொண்டே என்னைக் கண்ணால் அளப்பார். "உனக்கு நீட்டுப் பெட்டி வேணும் லா." டீ தொண்டையிலேயே நின்றுவிடும்.

அவருக்கும் ஒரு பயம் இருந்தது. யாரும் பார்க்க வராமலே போய்ச் சேர்ந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். "நான் போனா பதற இங்க ஒரு ஆள் இல்ல தம்பி" என்று மீன் கழுவிக்கொண்டே சொல்வார். குடும்பம் கிடையாது. இருந்ததெல்லாம் மான் வேட்டைக்கு வைத்திருந்த ஒரு பெரிய ரைஃபிள்.

ஒரு குளிர்காலக் காலையில் என்னையும் ஊருக்கு வெளியே இருந்த துப்பாக்கி சுடுதளத்துக்குக் கூட்டிப் போனார். மூடுபனியில் இலக்குப் பலகைகள் வெள்ளைத் துணி போர்த்தி யாரோ வரிசையாக நிற்பது போலிருந்தன. எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை.

நான் சுட்ட முதல் குண்டுக்கே துப்பாக்கி கழுதை போல உதைத்தது. குறிபார்க்கும் ஸ்கோப் என் புருவத்தைக் கிழித்தது. குண்டு எந்த மலைக்குப் போனதோ தெரியாது.

"தையல் போடணும். நானே போடவா?"

"வேண்டாம்க்கா. நீங்க தையல் போட்ட யாரும் பிழைச்சதில்ல."

அக்கா ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பாடம் எடுத்தார். "துப்பாக்கிக் கட்டையைத் தோளோட அணைச்சுக்கோ. கண்ணை ஸ்கோப்ல ஒட்டாத. கொஞ்சம் முன்னால சாய். உதை வந்தா எதிர்க்காத, அது கூடவே போ. புதுசா செத்தவன் மாரி தளர்வா இரு. நேத்து செத்தவன் மாரி விறைக்காத லா."

உதைக்குப் பயப்படுகிறவனைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டாம். தோட்டாவோ, வெடிக்காத டம்மியோ, எதையென்று சொல்லாமல் அடுத்தவர் போட்டுத் தர வேண்டும். எனக்குப் போட்டுத் தந்தார். விசையை அழுத்தினேன். 'க்ளிக்' என்ற சத்தம்தான் வந்தது. என் தோளோ தானாகத் துள்ளியது, யாரோ பின்னாலிருந்து இழுத்தது போல.

அடுத்து அவர் முறை. நான் டம்மியைப் போட்டுக் கொடுத்தேன்.

க்ளிக்.

அக்கா அசையவில்லை. கண் திறந்தே இருந்தது, இமைக்கவில்லை. வாயில் மூச்சுப் புகை இல்லை. "அக்கா?" என்றேன். பனிதான் நகர்ந்தது. கையைத் தொட்டேன். ஐஸ். கை எப்போதும் ஐஸ்தான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தால்தானே! "அக்கா! ஐயோ, அக்கா!" என்று குன்றெல்லாம் எதிரொலிக்கக் கத்திவிட்டேன்.

மெதுவாகத் துப்பாக்கியை இறக்கி வைத்து, காதடைப்பைக் கழற்றினார்.

"டம்மின்னு உனக்குத்தானே தெரியும்? எனக்குத் தெரியாதே. வெடிக்காத தோட்டா சமயத்துல லேட்டா வெடிக்கும். ஆடாம காத்திருக்கணும் லா." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அழுறியா?"

"இல்லக்கா. பனி."

"பொய்." துப்பாக்கியிலிருந்து டம்மியை எடுத்துப் பையில் போட்டார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "காதை அடைச்சிருந்தேன், சரியா கேக்கல. இன்னொரு வாட்டி அதே மாரி கூப்பிடு" என்றார்.

கூப்பிட்டேன்.

இப்போது நான் நகரின் மறுகோடியில், மனுகாவில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் அவருக்குப் போன் செய்கிறேன். சில ஞாயிறுகளில் எடுக்க மாட்டார். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.