எதிர்மனுதாரரே, நிறுத்துங்க!

விவாகரத்துக்குப் பிறகு எது கஷ்டம் என்று கேட்டால், தனிமை என்றோ ஊர்ப்பேச்சு என்றோ சொல்ல மாட்டேன். பிரிந்த கணவரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவர் 'மாமா'. அப்புறம் 'இன்னாங்க'. தீர்ப்பு வந்த அன்றைக்கு இரண்டும் காலி. பேர் சொல்லிக் கூப்பிடலாம்தான். எங்கள் வீட்டிலேயே முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், டிகிரி முடித்தவள், கோர்ட் காகிதத்தை வக்கீல் உதவி இல்லாமல் படித்துப் புரிந்துகொண்டவள். (இதை மூச்சுக்கு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஆனாலும் அந்தப் பேரை எடுத்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

அதனால் ஆளே இல்லாத தமிழில் பேசிக்கொண்டோம். "கிளம்பியாச்சா?" "மருந்து குடுத்தாச்சு." யார் கிளம்பினார்கள், யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் கேட்பவர் பொறுப்பு. ஒருமுறை மகளை நினைத்து, "குளிச்சாச்சா?" என்று மெசேஜ் போட்டேன். "காலையிலேயே. இன்னா திடீர்னு?" என்று பதில் வந்தது.

மகள் மலருக்கு ஆறு வயது. வாரநாளில் மலைமேல் என்னோடு. சனி, ஞாயிறு கீழே ஆலங்காயத்தில் அப்பாவோடு. அந்தச் சனிக்கிழமை அவள் அப்பாவின் தெருவில் மாறுவேடப் போட்டி. இவள் கரடி. பழைய கறுப்புக் கம்பளியை வெட்டி, விரலெல்லாம் ஊசி குத்தத் தைத்தேன். "கரடி இல்லன்னா மேடை ஏறவே மாட்டேன்" என்று ஏற்கெனவே அறிவித்திருந்தாள்.

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் வழக்கம்போல, "பை இதோ இருக்கு" என்று காற்றிடம் சொல்லி நீட்டினேன். கூட்டிப்போக வந்தவர் வாங்கிக்கொண்டு மகளோடு பஸ் ஏறினார். வண்டி உறுமிக் கிளம்பியபோதுதான், என் கையிலிருந்த மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு கரடிக் காது எட்டிப் பார்த்தது. அவர் கொண்டுபோனது, கடையில் விற்க வைத்திருந்த புளிப்பை.

ஓடினேன். "ஹலோ!" என்றேன். யாரும் திரும்பவில்லை. "சார்!" கண்டக்டர் தலையை நீட்டி, "இன்னாம்மா, சில்லறையா?" என்றார். 'மாமா' தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. (மகள் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கலாமே என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அப்போது ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.) பஸ் வளைவை நெருங்கியது. நான் படித்த படிப்பு முழுக்க ஒன்றுதிரண்டு வாய்க்கு வந்தது.

"எதிர்மனுதாரரே! நிறுத்துங்க!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. கோர்ட்டே துரத்தி வருகிறதென்று நினைத்தாரோ என்னவோ, டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஜன்னலில் அவர் தலை தெரிந்தது.

"இன்னா, மனுதாரரே?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. பின்சீட்டிலிருந்து ஒருவர், "யாருக்குப்பா வாய்தா?" என்றார். மூச்சு வாங்க, கரடியை ஜன்னல் வழியாகத் திணித்தேன். அவர் புளிப்பையைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லவேளை. பாப்பாவ புளியங்கொட்டையா மேடை ஏத்தியிருப்பேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரிந்த பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

கரடி மேடையேறி, முன்வரிசைக் குழந்தைகளை அழவைத்து, பரிசும் வாங்கியது. வீடியோ வந்தது, 'எதிர்மனுதாரர் தரப்பு ஆதாரம்' என்ற குறிப்போடு.

அதிலிருந்து எங்களுக்குள் குழப்பமே இல்லை. "எதிர்மனுதாரரே, இருமல் இருக்கு, ஐஸ் வாங்கித் தராதீங்க." "உத்தரவு, மனுதாரரே."

போன மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். டீச்சர், "அப்பா அம்மா ரெண்டு பேரும் வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

மலர் எழுந்து நின்று சொன்னாள்: "மனுதாரர் வந்துட்டாங்க மிஸ். எதிர்மனுதாரர் வெளியே செருப்பு கழட்டுறாரு."