ஏரிக்கரைச் சிரிப்பு

வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் ஒருத்தி, யாரும் எதுவும் சொல்லாமலே தனக்குள் சிரித்தால், புருஷன்காரன் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

கண்ணாடிக் கடைக்காரர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முன்கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. காலையில ஏரிக்கரையில ஒரு கூத்து. அது ஞாபகம் வந்துடுச்சு."

"சொல்லு, நானும் சிரிக்கிறேன்."

"சொன்னா சிரிப்பு வராது. அங்க இருந்திருக்கணும்."

அவர் செய்தித்தாளைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

அந்த வீட்டில் சிரிக்க வைப்பது அவருடைய இலாகா. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இரவு கடையைப் பூட்டிவிட்டு வந்ததும், அன்று வந்த வாடிக்கையாளர்களை அவர் நடித்துக் காட்டுவார். கண் சோதிக்கும் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே தேடி வந்தவர், எல்லாரும் வருவார்கள். பொரித்த உருளைக்கிழங்கும் தேநீருமாக அவள் எதிரே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் சில வாடிக்கையாளர்களைச் சொந்தமாகத் தயாரித்ததும் உண்டு.

எல்லாம் அந்த டாக்டர் கெடுத்தது.

"ரெண்டு பேருமே எடையைக் குறைக்கணும். பொரிச்சது வேண்டாம். காய், பழம் நிறையச் சாப்பிடுங்க. தினமும் வெளியில போய் உடம்பை அசைங்க. ஆனா பிடிச்ச மாதிரி ஏதாவது செய்யுங்க. கடனேன்னு செஞ்சா ஒரு வாரம் தாங்காது."

"எனக்கு உக்காந்திருக்கிறதுதான் டாக்டர் பிடிக்கும்" என்றார் கடைக்காரர். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்தது அன்றோடு சரி. மறுநாளே தெருப் பெண்களோடு ஏரிக்கரைக்கு நடக்கக் கிளம்பிவிட்டாள். இப்போது உருளைக்கிழங்கு இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் அவள் குறட்டை. நடிகர் மட்டும் விழித்திருந்தார்.

பக்கத்துக் கடையில் சாவி செய்பவரிடம் பேச்சுவாக்கில் போட்டுப் பார்த்தார். "ஏம்ப்பா, ஒருத்தங்க தனியா சிரிச்சா என்ன அர்த்தம்?"

சாவிக்காரர் அரத்தை நிறுத்தினார். "தனியா யாருண்ணே சிரிப்பாங்க? சிரிக்க வெச்ச ஆளு ஒருத்தர் இருப்பாருல்ல?"

"யாரு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? பூட்டைப் பாக்காம நான் சாவி போடறதில்லை."

பூட்டைப் பார்த்துவிடுவது என்று கடைக்காரர் முடிவு செய்தார்.

மறுநாள் காலை, அவள் கிளம்பும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தார். கதவு சாத்தியதும் எழுந்து பின்தெரு வழியாகப் போனார். பெண்கள் நடக்கும் பக்கம் போனால் மாட்டிக்கொள்வோம் என்று எதிர்க்கரைக்குப் போனார். அங்கே இடுப்பளவு புதர்வேலி நீளமாக ஓடியது. ஒளிந்து பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவளுக்கும் தூரத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். கண்ணாடி போட்டுக்கொடுங்கள் என்று அவளும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர்க் கண்களையெல்லாம் சோதித்த மனிதருக்கு வீட்டுக் கண்ணுக்கு நேரம் கிடைக்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று என்று அன்றைக்குத்தான் நினைத்துக்கொண்டார்.

பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், நீல நிற விளையாட்டு உடையில், கட்டுமஸ்தாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள்.

கடைக்காரர் வேலிக்குப் பின்னால் இன்னும் தாழக் குனிந்தார். கூட்டம் நகர, அவரும் வேலி மறைவிலேயே நகர்ந்தார். அவர்கள் நின்றால் நின்றார். எட்டிப் பார்த்தார், உட்கார்ந்தார், மறுபடி எட்டிப் பார்த்தார். கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேசின.

அன்று இரவு அவள் தட்டில் காரட் துண்டுகளை வைத்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, விஷயம் தெரியுமா? எங்களுக்கு ஒரு மாஸ்டர் கிடைச்சுட்டாரு!"

"மாஸ்டரா?"

"ஆமா. சும்மா நடந்து நடந்து அலுத்துப் போச்சுன்னு இருந்தோம். நல்லவேளை, இவரு வந்தாரு."

நீலச்சட்டைதான். சந்தேகமே இல்லை. "பாக்க எப்படி இருப்பான்?"

"என்னங்க அவன் இவன்னு! முகத்தை யாரு பாத்தா? உடம்பு வளையறதைப் பாத்தாலே தெரியுதே. சின்ன வயசாத்தான் இருக்கணும்."

முகத்தை யார் பார்த்தார்களாம்! கடைக்காரர் காரட்டைக் கடித்தார். கடித்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

சாதாரண உடையில் புதருக்குள் திரிந்தால் ஏரிக்கரைப் பூங்காவின் காவலாளி பிடித்துக்கொள்வான். விளையாட்டு உடை போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கடைவீதிக்குப் போய் ஒன்று கேட்டார். அவர் வயிற்றுக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்றுதான், எலுமிச்சம்பழ மஞ்சள். கூடவே ஒரு தொப்பி, கடையில் விலைபோகாமல் கிடந்த கறுப்புக் கண்ணாடி. திட்டம் பலித்தது. பூங்காக் காவலாளி அவரைத் தடுக்கவில்லை, விரட்டவில்லை. பார்க்கும்போதெல்லாம் சலாம்கூட வைத்தான்.

ஆனால் வீட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது.

"மாஸ்டர் ஒரு வார்த்தை பேச மாட்டாருங்க. செஞ்சு மட்டும்தான் காட்டுவாரு. சில பேரு பேசிக்கிட்டே இருப்பாங்க, ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

சில பேர் யார் என்று கடைக்காரர் கேட்கவில்லை.

இன்னொரு நாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இன்னிக்கு மாஸ்டர் டான்ஸ் ஆட வெச்சுட்டாரு! கையை உதறி, காலை உதறி, முதுகை வளைச்சு... சிரிச்சுச் சிரிச்சு வயிறே புண்ணாப் போச்சு."

"கல்யாணத்தன்னிக்கு உன்னை ஆடச் சொன்னதுக்கு மாட்டேன்னுட்டே" என்றார் அவர், முழங்காலுக்குக் கீழே சொறிந்துகொண்டே. புதருக்கடியில் எறும்புப் புற்று இருக்கும் என்று அவர் கண்டாரா? உடம்பெல்லாம் தடித்திருந்தது. வெளியே சொல்லவும் வழியில்லை.

"அப்ப வெக்கமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப மாஸ்டர் இருக்காருல்ல!"

சாப்பாடும் மாஸ்டர் வசம் போயிற்று. மாஸ்டர் எப்போதும் ஏதாவது பழத்தைக் கடித்துக்கொண்டிருப்பாராம். அதனால் காலையில் பழம், மாலையில் பழம். கடைக்காரருக்கோ டாக்டர் சொன்ன நாளிலிருந்தே வேறு வழியில்லை. விடிந்தும் விடியாமலும் வெறும் வயிற்றோடு ஓடுகிறவர், கையில் அகப்பட்ட பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் புதரோரம் தின்றார். முதலில் கோபத்தோடு தின்றார். அப்புறம், ஏரிக் காற்றில் நின்று தின்ன ஆப்பிளுக்கு ஒரு தனி ருசி இருப்பதாகத் தோன்றியது. அந்த எண்ணத்தை உடனே விரட்டினார். பொறாமைப்பட வந்த இடத்தில் ருசி பார்ப்பதாவது!

"அண்ணே, இளைச்சுட்டீங்களே!" என்றார் சாவிக்காரர். "பேன்ட்டு இடுப்புல நிக்கல."

"கவலைப்பா. கவலை ஆளை உருக்கிடும்."

"கவலையில முகம் இப்படியா பளபளக்கும்?"

"பூட்டை வெட்டுற வேலையப் பாரு" என்றார் கடைக்காரர்.

"சாவிதாண்ணே வெட்டுவாங்க."

இனி மறைந்து பார்த்துப் பயனில்லை, நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று ஒரு காலை, பெண்கள் வருமுன்பே அவர்கள் நடக்கும் கரைக்குப் போய் நீலச்சட்டைக்காரன் முன் நின்றார்.

"நீங்கதான் இங்க பொம்பளைங்களுக்கெல்லாம் மாஸ்டரா?"

"நானா? எனக்கு ரெண்டு முழங்காலும் தேஞ்சு போய் வருஷமாச்சு சார். குனிஞ்சா நிமிர ஒரு ஆள் வேணும். நான் படகு வாடகைக்கு விடறவன். படகு வேணுமா?"

"அப்ப மாஸ்டர் யாரு?"

"படகு வேணுமா, வேணாமா?"

அதற்குள் பெண்களின் பேச்சுக் குரல் திருப்பத்தில் கேட்டது. கடைக்காரர் குதித்துப் படகில் ஏறிவிட்டார். வாழ்நாளில் துடுப்பைத் தொட்டதில்லை. இந்தக் கையால் இழுத்தால் படகு அந்தப் பக்கம் திரும்பியது, அந்தக் கையால் இழுத்தால் இந்தப் பக்கம் திரும்பியது. நடு ஏரியில் போய் நின்ற இடத்திலேயே சுற்றியது. "ரெண்டையும் சேத்துப் போடுங்க சார்!" என்று படகுக்காரன் கத்தினான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சுப் பிடித்து இழுத்து இழுத்து ஒருவழியாக எதிர்க்கரை சேர்ந்தார். அன்று கடையில், மேல்தட்டுப் பெட்டியை எடுக்கக் கை தூக்க முடியவில்லை. வாடிக்கையாளரையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இரவு வீட்டுக்கு வந்தால், மனைவியும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மட்டும் வலி இல்லை.

"இன்னிக்குக் கைக்கு வேலை கொடுத்துட்டாரு மாஸ்டர். அவருக்குத் தெரியாததே இல்லைங்க. அவரை மாதிரி நீங்களும் கொஞ்சம்..."

அவ்வளவுதான். தட்டு நகர்ந்தது.

"மாஸ்டர், மாஸ்டர், மாஸ்டர்! இந்த வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன், தெரியுதா? அவ்வளவு பிடிச்சா அவரு வீட்டுலயே போய் வெள்ளரிக்காய் நறுக்கு!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். வீட்டில் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் யாரோ ஒருவனை நினைத்துச் சிரித்தபோதுகூட அவருக்கு இவ்வளவு பயமாக இருந்ததில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நான் தினமும் உங்களைக் கூப்பிட்டேன். எனக்குக் கடை இருக்கு, கடை இருக்குன்னீங்க. உங்களோட நடக்கணும்னுதான் முதல்ல ஆசைப்பட்டேன்."

அவர் தரையைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து மாஸ்டரைப் பாத்து நன்றி சொல்லப் போறோம். நீங்களும் வாங்க. நேர்ல பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

"எனக்குக் கடை இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மஞ்சள் உடையில், வழக்கமான வேலிக்குப் பின்னால், அவர் விடியும்போதே ஆஜர். இன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்காமல் போவதில்லை. பார்த்து என்ன செய்வது என்று யோசித்து வைக்கவில்லை. அடிக்கலாம் என்றால் அவன் சின்ன வயதுக்காரன், சுறுசுறுப்பானவன். நாலு கேள்வி கேட்கலாம் என்றால் அவன் பேசவே மாட்டானாம். 'ஐயா, நடப்பும் டான்ஸும் உங்களோடயே இருக்கட்டும். அந்தச் சிரிப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க' என்று கேட்கலாமா? அதைத்தான் கேட்க வேண்டும்போல இருந்தது.

அந்தக் கரையில் பெண்கள் கூடினார்கள். அவள் இரண்டு கையாலும் ஒரு பழக்கூடையைத் தாங்கியிருந்தாள். எப்போதும் இறுக்கிக் கட்டும் கூந்தலைத் தளர்த்தி விட்டிருந்தாள். நடையில் ஒரு துள்ளல் வந்திருந்தது. எவனோ ஒருவனைப் பார்க்க அவள் இவ்வளவு அழகாகக் கிளம்பியிருந்தாள்.

கூட்டம் வழக்கமான பாதையில் போகவில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. இந்தக் கரையை நோக்கி வந்தது.

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. அப்படியா சங்கதி! அந்தப் பயல் இந்தக் கரையிலா இருக்கிறான்? இத்தனை நாளும் தன் பக்கத்திலேயே ஒளிந்துகொண்டா வித்தை காட்டினான்?

வேலியைத் தாண்டிக் குதித்தார். இந்தப் புதரை விலக்கினார், அந்தப் புதரை விலக்கினார். மரத்தைச் சுற்றி ஓடினார், மேலே அண்ணாந்து பார்த்தார். "டேய், எங்கடா இருக்கே? வெளிய வாடா!" ஒரு கொக்குதான் பறந்தது.

நிமிர்ந்து பார்த்தால் பெண்கள் வெகு அருகில் வந்துவிட்டார்கள். கூடையோடு முன்னால் வருவது அவள்தான். மாஸ்டரைப் பிடிக்க வந்தவருக்கு, தான் பிடிபடப் போவது அப்போதுதான் உறைத்தது. பெண்டாட்டியை வேவு பார்த்த புருஷன், அதுவும் எலுமிச்சை மஞ்சளில்! தொப்பியை அழுத்திக்கொண்டு பாய்ந்து ஓடப் போனார். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைப் பிடித்து நிறுத்தியது.

பூங்காக் காவலாளி. வாயெல்லாம் பல்லாக ஒரு சலாம் வைத்துவிட்டுச் சொன்னான்:

"எங்க ஓடறீங்க மாஸ்டர்? இத்தனை நாளா நீங்க இந்தக் கரையில செய்யறதையெல்லாம் பாத்துப் பாத்து அந்தக் கரையில செஞ்சவங்க, உங்களைத் தேடித்தானே வர்றாங்க!"