லண்டன் சுவிட்சும் காத்தான்குடிச் சுவிட்சும்

களுவாஞ்சிக்குடி,
18.06.1997

அன்பின் மச்சான் அருமைநாயகத்துக்கு,

அத்தான் வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. களுதாவளைப் பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் அக்கா சின்னத்தங்கமும் உயிரோடும், என் முழங்கால் நீங்கலாகச் சுகத்தோடும் இருக்கிறோம். லண்டனில் நீங்களும் பிள்ளைகளும் முழங்கால் உட்படச் சுகமாயிருக்க வேண்டுகிறோம். நீங்கள் அன்போடு அனுப்பிய பிரேக் லைட் சுவிட்ச் வந்து சேர்ந்தது. அதற்கு நன்றி சொல்லவே இக்கடிதம். கடைசியில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. முதலில் அதைத் தேடி வாசிக்க வேண்டாம்.

எங்கள் பழைய மொறிஸ் மைனரில் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் அமுங்கி, அந்த அமுக்கத்தில் சுவிட்ச் வேலை செய்து, பின்னால் சிவப்பு லைட் எரியவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் சுவிட்சோ மனம்வைத்த நாளில் மட்டும் வேலை செய்தது. மீன் வியாபாரி கச்சி முகம்மது மோட்டார் சைக்கிளோடு என் பின்பக்கத்தில் வந்து முட்டி, அவருடைய மீன்பெட்டி காரின் கூரையில் ஏறிய அன்றுகூட நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் மாசி மாதம் கல்லடிப் பாலத்துச் சோதனைச்சாவடியைத் தாண்டிய பிறகு பின்னால் விசில் கேட்டது. நான் உடனே பிரேக்கை மிதித்தேன், கார் மெல்ல மெல்ல நின்றது, லைட் எரியவில்லை. திரும்பிப் பார்த்தால் சிப்பாய் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். கிட்ட வந்து தனக்குத் தெரிந்த தமிழில், "லைட் பத்த இல்ல. நீ ஓடுறது எண்டு நான் நினைச்சது. இன்னும் கொஞ்சம் போனா நான் சுடுறது" என்றான். மச்சான், வீட்டுக்கு வந்து மூன்று செம்பு தண்ணீர் குடித்தேன். அதன் பிறகுதான் உங்களுக்கு எழுதினேன்.

நீங்கள் அனுப்பிய சுவிட்சை நானே பூட்டினேன். ஒன்பது நாள் அருமையாக எரிந்தது. பத்தாம் நாள் அது எண்ணெய் ஒழுகத் தொடங்கி, ஆரையம்பதியில் பிரேக் மிதி தரையைத் தொட, வீதியோரம் குவித்திருந்த வெள்ளரிப்பழக் குவியலுக்குள் காரை விட்டுத்தான் நிறுத்தினேன். உங்களில் பிழையில்லை. கடைக்காரன் உங்களை ஏமாற்றியிருப்பான். பழக்காரி புஸ்பம் மட்டும் என்னை வேறுவிதமாக ஏசினாள், அதை எழுத முடியாது.

எண்ணெய் ஒழுக்கை ஒருவாறு அடைத்தாலும் லைட் மறுபடி செத்துப்போயிற்று. அப்போது உங்கள் அக்கா ஒரு யோசனை சொன்னா. பின் சீற்றில் அவ இருந்து, டோர்ச் லைட்டுக்குச் சிவப்புத் தாள் சுற்றி, நான் "பிரேக்!" என்று கத்தும்போதெல்லாம் பின்கண்ணாடியில் பிடிப்பதென்று. இரண்டு கிழமை நன்றாகத்தான் போனது. ஒருநாள் எனக்கு முன்னால் மாடு பாய, நான் "ஐயோ!" என்று மட்டும் கத்திவிட்டேன். "ஐயோ எண்டா பிரேக்கெண்டு நான் எப்பிடிக் கண்டன்? வாழ்நாள் முழுக்க ஐயோ எண்டுதானே சொல்றீங்க" என்று அவ கேட்டா. பிறகு சாவடியில், சிவப்பு லைட்டால் யாருக்குச் சைகை காட்டுகிறீர்கள் என்று ஒரு மணித்தியாலம் விசாரித்து, பற்றரியை எடுத்துக்கொண்டு டோர்ச்சைத் திருப்பித் தந்தார்கள்.

அதன் பிறகுதான் காத்தான்குடி மெக்கானிக் அப்துல் கபூரிடம் போனேன். தமிழன் முஸ்லிம் ஊருக்குப் போகவேண்டாம், காலம் சரியில்லை என்று எங்கள் ஆட்கள் சிலர் தடுத்தார்கள். ஆனால் கபூர் என்னைக் கண்டதும், "போஸ்ட்மாஸ்டர் ஐயா, எங்கட கடிதமெல்லாம் ஒழுங்காத் தந்த மனிசன் நீங்க, வாங்க, இரிங்க" என்று பிளேன்ரீ தந்துவிட்டுக் காருக்குக் கீழே புகுந்தார். "இந்த எண்ணெய்ச் சுவிட்சு சரிவராது ஐயா. லண்டன்ல இருந்து வந்தாலும் சரிவராது. மிதியிலேயே ஒண்டு வைப்பம்" என்றார். உடைந்த ஜப்பான் வேனொன்றிலிருந்து கழற்றிய சுவிட்சை, தகரத்தில் வெட்டிய தாங்கியில் இறுக்கி, பிரேக் மிதிக்குப் பக்கத்தில் பொருத்தினார். மிதி மேலே நிற்கும்போது சுவிட்சின் பொத்தானை அமத்திக்கொண்டிருக்கும், கால் வைத்தால் பொத்தான் விடுபட்டு லைட் எரியும். எண்ணெயும் தேவையில்லை, அமுக்கமும் தேவையில்லை. கண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

பூட்டிய மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, எங்கள் மகள் சீதேவிக்கு வலி கண்டது. மருமகன் கட்டாரில், அம்புலன்ஸ் வரவில்லை. பின் சீற்றில் அவளையும் அக்காவையும் ஏற்றி, பிள்ளைத்துணிப் பையைக் கூரையில் கட்டிக்கொண்டு பறந்தேன். கல்லடியில் அதே சிப்பாய். எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். இருபது யார் தூரம் போயிருப்பேன், பின்னால் விசில்! மிதித்தேன். காத்திருந்தேன். வெடிச்சத்தம் வரவில்லை, சப்பாத்துச் சத்தம்தான் வந்தது. சிப்பாய் கையில் எங்கள் பையோடு ஓடி வந்தான். கூரையிலிருந்து அவிழ்ந்து விழுந்திருக்கிறது. "பேபி உடுப்பு. கெதியா போங்க" என்றான். அரை மணித்தியாலத்தில் பெரியாஸ்பத்திரியில் ஆண்பிள்ளை. இதுதான் அந்த நல்ல செய்தி. அன்றைக்கு அந்தச் சிவப்பு லைட் எரிந்திராவிட்டால் எங்கள் நாலு பேரின் கதி என்னவென்று நினைக்கவே பயமாயிருக்கிறது. உங்கள் சுவிட்ச் பழுதாகாமல் இருந்திருந்தால் கபூரிடம் போயிருக்கமாட்டேன். ஆகையால் உங்களுக்கும் நன்றி.

பேரப்பிள்ளையின் சார்பில் உங்கள் வீட்டார் அனைவரையும் ஆசீர்வதித்து, இனி சுவிட்ச் அனுப்பவேண்டாம் என்றும் கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான் வினாயகமூர்த்தி

பி.கு.: இதை ஒட்டுவதற்குமுன் நன்றி சொல்லக் கபூரிடம் போனேன். குனிந்து பார்த்தவர் தலையில் கைவைத்தார். தாங்கியின் நட்டு இளகி, பொத்தான் மிதியில் படவேயில்லையாம். "ஐயா, பூட்டின நாளையில இருந்து இது எரிஞ்சபடிதான். நீங்க மிதிச்சாலும் எரியும், மிதிக்காட்டியும் எரியும்" என்றார். இறுக்கித் தந்தார். அப்படியே மகளைப் பார்க்கப் போகும் வழியில், அன்றைக்கு லைட்டைக் கண்டாயா என்று சிப்பாயிடம் கேட்டேன். "லைட்டா? நான் லைட் பாக்க இல்ல. உள்ளுக்கு பேபி வாற அக்கா கத்துறது கேட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடுறது எண்டு நான் நினைச்சது" என்றான். ஆகவே மச்சான், மேலே சுவிட்சுகளுக்குச் சொன்ன நன்றி முழுவதையும் சீதேவியின் தொண்டைக்கு என்று மாற்றி வாசிக்கவும்.