மழை பெய்யாத இறுதி ஆட்டம்

மதிப்புக்குரிய அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் கையைக் கட்டிக்கொண்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் சம்சாரம், மொட்டைமாடி டிஷ் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்கள், அக்கா, உங்கள் முழங்கால் வலி எல்லாரும் சௌக்கியம்தானே? அடுத்த தெருவில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்பீர்கள். நேரில் வந்தால் அக்கா காபியை நீட்டுவாள், நீங்கள் "உட்காரு மாப்ளே" என்பீர்கள், நான் உட்கார்ந்துவிடுவேன். ஒன்பது வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று வருஷம் கேபிளில் டென்னிஸ் காட்டியவனுக்கு டென்னிஸ் தெரியாது. பதினைந்து, முப்பது என்று ஒழுங்காகப் போகிற கணக்கு நாற்பத்தைந்துக்குப் போகாமல் நாற்பதில் ஏன் நிற்கிறது, நடுவில் அந்த ஐந்தை யார் தின்றார்கள் என்று இன்றுவரை தெரியாது. நீங்கள் "ஆகா" என்றால் நானும் "ஆகா" என்பேன், நீங்கள் "ச்சே" என்றால் நானும் "ச்சே". அவ்வளவுதான் எனக்கும் அந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு. நான் அஞ்சாவதோடு நின்றவன் என்பதும், நீங்கள் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிறவர் என்பதும் ஊரறிந்த விஷயம். ஆகவே இந்தக் கடிதத்தில் சிவப்புப் பேனாவால் எவ்வளவு வேண்டுமானாலும் கிறுக்குங்கள். முழுக்கப் படித்துவிட்டுக் கிறுக்குங்கள்.

கேபிள் வருவதற்கு முன்னால் அரசாங்கச் சேனல் ஒன்றுதான், ஞாபகம் இருக்கிறதா? வருஷத்துக்கு ஓர் இறுதி ஆட்டம் காட்டுவார்கள். அதையும் செய்தி நேரம் வந்தால் பந்து வானத்தில் இருக்கும்போதே வெட்டிவிடுவார்கள். அது எங்கே விழுந்தது என்று நீங்கள் மறுநாள் ஆபீசுக்குப் போய், பிழை திருத்த வருகிற புரூஃபில் பார்த்துக்கொள்வீர்கள். அப்புறம் வீட்டுக்காரம்மா மொட்டைமாடியில் நான் குடை மாதிரி அந்த டிஷ்ஷை நட்டேன். வெளிநாட்டு விளையாட்டுச் சேனல் வந்தது, பதினாலு நாளும் காட்டினான். படமெல்லாம் புள்ளி, பந்தும் ஒரு புள்ளி. எந்தப் புள்ளி பந்து என்று ஆட்டக்காரன் தலை திரும்புவதை வைத்துத்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அன்றைக்கு ஒன்று சொன்னீர்கள்: "இத்தனை நாளா கடைசி வரைக்கும் ஜெயிச்சு வந்த ரெண்டு பேரத்தான் பார்த்திருக்கேன் மாப்ளே. முதல் சுத்துல தோக்கறவனும் பையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் நடந்து போறான்னு உன் கேபிள் வந்தப்புறந்தான் தெரியுது." எனக்கு என்னவோ பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அந்தச் சேனல்காரன் பூட்டுப் போட்டான், டீகோடர் பெட்டி வாங்கினேன், அதற்கொரு கார்டு செருகினேன். அதற்கும் அப்புறம் புல் தரை ஆட்டம் ஒருத்தனிடம், மண் தரை ஆட்டம் இன்னொருத்தனிடம் என்று பங்காளிச் சண்டை மாதிரி பிரித்துக்கொண்டார்கள். இவன் ஒரு சாட்டிலைட், அவன் ஒரு சாட்டிலைட். என்னிடம் இருந்ததோ ஒரு டிஷ், ஒரு ஸ்பேனர். டிஷ் நிற்கிற கம்பத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுவைத்திருந்தேன். இடது கோடு உங்கள் டென்னிஸ், வலது கோடு தெருவே பார்க்கிற நாடகம், பாட்டு எல்லாம். ஒன்று வந்தால் ஒன்று வராது. தெருவில் இருநூறு வீட்டுக்கு வலது கோடு வேண்டும். இடது கோடு வேண்டிய வீடு ஒன்றே ஒன்று, என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு. நான் என்ன செய்வேன் சொல்லுங்கள்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஆட்டம் நடக்கிற ஊரில் நிஜமாகவே மழை. சேனல்காரன் இரண்டு மணி நேரம் மைதானத்தின் மேல் போர்த்திய தார்ப்பாயையே காட்டினான். மற்ற வீடு என்றால் அரை நிமிஷத்தில் போன் பண்ணி என் பரம்பரையை விசாரித்திருக்கும். நீங்கள் மட்டும் நாற்காலியில் அசையாமல், துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி அந்தத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது அக்கா எடுத்த படம்தான் இதோடு வைத்திருப்பது. அன்றைக்கே என் புத்தி கெட்டது. மழை என்று சொன்னால் இந்த மனுஷன் காத்திருப்பார், எதுவும் கேட்கமாட்டார் என்று தெரிந்துகொண்டேன். அப்புறம் லாரி இடித்துக் கேபிள் அறுந்தாலும் மழை, ஆம்ப்ளிஃபையருக்குள் எறும்பு புகுந்தாலும் மழை. கண்ட்ரோல் ரூமில் எழுத்து ஓடவிடுகிற பழைய கம்ப்யூட்டரில் 'மழை காரணமாக ஆட்டம் நிறுத்தம்' என்று தட்டிவிடுவேன். ஆமாம் அத்தான், அது சேனல்காரன் போட்டதில்லை. நான் போட்டது. ஒரு நாள் நீங்களே கேட்டீர்கள், "ஏண்டா மாப்ளே, அது கூரை போட்ட அரங்கமாச்சே, உள்ள எப்படிடா மழை?" நான், "ஒழுகுதாம் அத்தான்" என்றேன். "பாவம்," என்றீர்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். நாலாவது செட் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மொட்டைமாடிக்குச் சொந்தக்கார வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க வந்து நின்றார். "இன்னிக்கு என் நாடகம் முடியுது. நாலு வருஷம் பார்த்திருக்கேன். இப்ப வலது பக்கம் திருப்பறியா, இல்ல உன் குடையைப் புடுங்கி வீதில வைக்கவா?" அரை மணி நேரந்தானே என்று ஸ்பேனரோடு ஏறித் திருப்பினேன். உங்களுக்கு வழக்கம்போல மழை போட்டேன். நாடகம் முடிந்து மறுபடி ஏறினால் இடது கோட்டைக் காணோம். நான் திருப்பிவிட்டு இறங்கினதும் அந்த அம்மா, நாடகம் ஆரம்பிக்குமுன் சுத்தபத்தமாக மாடியையும் கம்பத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டிருக்கிறார்! முக்கால் மணி நேரம் டிஷ்ஷைக் கட்டிப்பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். ஏதோ ஒரு நாட்டில் மாட்டுக்கு ஊசி போடுகிற நிகழ்ச்சிதான் வந்தது. கை ஓய்ந்துபோய் இறங்கி வந்து, நீங்கள் ராத்திரி வேலைக்குக் கிளம்புகிற நேரம் ஆச்சே, வீணாகக் காத்திருக்கவேண்டாம் என்ற நல்லெண்ணத்தில், 'இறுதி ஆட்டம் நாளைக்கு ஒத்திவைப்பு' என்று மாற்றிப் போட்டேன்.

நல்லெண்ணந்தான் அத்தான் குடும்பத்தைக் கெடுத்தது. ஆபீசில் விளையாட்டுப் பக்கம் புரூஃப் உங்கள் மேசைக்கு வந்தபோது அதில் ஒருவன் ஜெயித்திருந்தான். நீங்கள் சிவப்புப் பேனாவை எடுத்து அவனை அடித்துவிட்டீர்கள். துணை ஆசிரியர், "செய்தி நிறுவனமே அனுப்பியிருக்கு சார்!" என்று குதித்தாராம். நீங்கள், "எழுத்துல போட்டிருக்கான்யா, என் ரெண்டு கண்ணால படிச்சேன்" என்றீர்களாம். முப்பது வருஷத்தில் ஒரு தப்பு விடாத மனுஷன் சொன்னால் யார் மறுப்பார்கள்? மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் கோப்பையோடு ஒருவன் சிரித்தான். உங்கள் பத்திரிகையிலும் அதே படந்தான், அடியில் மட்டும் 'நாளை இது யாருக்கோ என்று கோப்பையைத் தூக்கிப் பார்க்கும் வீரர்'. அதுவும் நீங்கள் திருத்தியதுதானாம்.

அன்றைக்குக் காலையில் உண்மையைச் சொல்லத்தான் ஓடிவந்தேன். மடியில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் நீங்களே, "சேனல்காரன் நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டான் மாப்ளே. நீ மனசுல வச்சுக்காத" என்றீர்கள். என் வாய் அதோடு தைத்துக்கொண்டது. சேனலுக்கு மூன்று கடிதம் எழுதித் தபாலில் போடச்சொல்லிக் கொடுத்தீர்களே, மூன்றும் என் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. உங்களை விளையாட்டுப் பக்கத்திலிருந்து எடுத்து இரங்கல் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அங்கே தப்பு வந்தாலும் சம்பந்தப்பட்டவர் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை என்று ஆபீசில் கிண்டல் பண்ணினார்களாம். நீங்கள் ஒவ்வொரு பேரையும் இரண்டு தடவை படிக்கிறீர்கள் என்று அக்கா சொன்னாள். எங்கள் அம்மா போனபோது நாலு தடவை படித்தீர்களாம். ஒரு புள்ளி தவறவில்லை. அந்தப் பத்திரிகைத் துண்டை இன்னும் பர்சில் வைத்திருக்கிறேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, உங்களுக்கு வழியனுப்பு விழா. ஆசிரியர் மேடையில் அந்த மழைக் கதையைச் சொல்லப்போகிறாராம். நீங்கள் கண்ணாடி முன்னால் நின்று, "நான் அன்னைக்குப் படிச்சது படிச்சதுதான்" என்று பேசிப் பழகுகிறீர்களாம். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள், நான் பேனாவைத் தேடினேன். அத்தான், நீங்கள் படித்தது படித்ததுதான். எழுதினவன்தான் கழுதை. இதை அப்படியே ஆசிரியரிடம் நீட்டுங்கள். என்னைத் திட்டுங்கள், முதுகில் நாலு வையுங்கள், பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இது நம் இரண்டு பேருக்கும் ஆசிரியருக்கும் தவிர நாலாவது ஆளுக்குத் தெரியவேண்டாம், முக்கியமாக அக்காவுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும்.

உங்கள் முழங்கால் குணமாகவும், ஓய்வுக்காலம் முழுக்க வெயிலடிக்கவும் வேண்டி, ஆழ்ந்த வருத்தத்துடன்,
உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: இதைத் தனிச் சீட்டில் எழுதி வாசல் காவலாளியிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலில் எழுதிய கடிதத்தை உங்களிடம் சேர்க்கச் சொல்லி உங்கள் ஆபீஸ் கவுன்டரில் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, மெல்லிய குரலில், "எப்ப ஆச்சு?" என்றார். நான், "ஒன்பது வருஷம் ஆச்சும்மா" என்றேன். நினைவு நாள் விளம்பரத் தட்டில் போட்டுவிட்டார். இது கடிதம் என்று சொன்னேன், எல்லாரும் அப்படித்தான் உருக்கமாக எழுதுகிறார்கள் என்றார். இன்று ராத்திரி ஏழு மணிக்கு அது உங்கள் மேசைக்கே புரூஃபாக வரும். தப்பில்லை என்று பழக்கதோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அக்கா எடுத்த அந்தப் படத்தில் உங்கள் கண் மூடியிருக்கிறது. கறுப்புக் கட்டம் கட்டிவிட்டார்கள்.