தற்காலிக வாத்து வரவேற்பறை

பறவைக் காய்ச்சல் பரவிவருவதை முன்னிட்டு, மொட்டைமாடிகளில் வளர்க்கப்படும் வாத்து, கோழி, புறா ஆகியவற்றைப் பொதுமக்கள் தற்காலிகமாக வீட்டுக்குள் இடம்பெயர்க்க வேண்டும் என்றும், இடம்பெயர்க்கப்படாதவை அப்புறப்படுத்தப்படும் என்றும் எகிப்தில் எங்கள் தும்யாத் நகரத்துச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்புறப்படுத்துவது என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை. சாக்குப்பை, சுண்ணாம்பு, குழி. அவ்வளவுதான்.

நியாயமான உத்தரவு. அதில் எனக்குச் சண்டையில்லை. என் சண்டையெல்லாம் அதற்கு அடுத்த பத்தியோடுதான். "மேற்படி தற்காலிக இருப்பிடமானது மனிதர்கள் வசிக்காத, உறங்காத, உண்ணாத, புழங்காத அறையாக இருத்தல் வேண்டும். தரை துடைக்கத் தக்கதாகவும், சன்னல்கள் மூடியவையாகவும், வெளிச்சம் குறைந்தும் இருத்தல் வேண்டும்."

மனிதர் புழங்காத அறையாம்! என் அக்கா இன்ஷிராஹ் வீட்டில் வந்து பார்க்கட்டும். அவள், அவள் புருஷன் பயூமி, மூன்று தடிப்பயல்கள், மகள் நெர்மீன், போதாக்குறைக்கு விவாகரத்தாகி வந்த நாத்தனார். காலை நீட்டிப் படுக்க வேண்டுமென்றால் அடுத்தவரிடம் அனுமதி கேட்க வேண்டிய வீடு அது.

வாத்துகள் நெர்மீனுடையவை. வாத்து வயிற்றில் வெங்காயம் திணித்து அடுப்பில் ஏற்றுவதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இந்தப் பெண் மூன்றுக்கும் பேர் வைத்துத் தொலைத்துவிட்டாள். ஹானிம், மிஷ்மிஷ், அப்புறம் பழைய காலத்துக் குமாஸ்தா மாதிரி நடக்கிற ஆண் வாத்து எஃபெந்தி. பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருகிற பிராணிக்குள் எப்படி ஐயா வெங்காயம் திணிப்பது?

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வெள்ளிக்கிழமைதான் நெர்மீனைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையன் வஜ்தி, இனிப்புக் கடையில் ஜிலேபி பிழிகிறவன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரும்பி, ஊரறிய ஏங்கிக்கொண்டிருந்தார்கள். பையன் தங்கம். அவன் தாய் ஹாஜ்ஜா ஃபவ்கிய்யா மட்டும் வேறு ரகம். அவள் பெண்ணைப் பார்க்க மாட்டாள், பெண் வீட்டு வரவேற்பறையைத்தான் பார்ப்பாள். நாற்காலிக் காலில் முலாம் உரிந்திருந்தது என்று ஒரு நல்ல பெண்ணை ஏற்கெனவே வேண்டாமென்று சொன்னவள்.

இந்த நிலையில் வந்து சேர்ந்தார், வட்டாரக் கால்நடை அலுவலகத்தின் தற்காலிக இருப்பிட ஆய்வாளர் டாக்டர் ரிஃபத்.

"குளியலறையில வெச்சிக்கலாமா டாக்டர்?" என்றார் பயூமி.

"அது மனிதர் புழங்குற இடம்."

"சமையலறை?"

"மனிதர் உண்ணுற இடம்."

"கட்டிலுக்கு அடியில?"

"மேல மனிதர் உறங்குறாரே! கீழயும் மேலயும் காத்து ஒண்ணுதானே?" என்றவர், கூடத்தின் கோடியைப் பார்த்தார். "அது என்ன, பூட்டின கதவு?"

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. "அது வரவேற்பறை. விருந்தாளிங்களுக்கு."

"கடைசியா எந்த விருந்தாளி உக்காந்தாரு?"

குடும்பமே யோசித்தது. "எங்க மாமனார் செத்தப்ப துக்கம் கேக்க வந்தாங்க" என்றாள் அக்கா.

"உள்ள உக்காந்தாங்களா?"

"சோபா அழுக்காயிடும்னு கூடத்துலயே பாய் போட்டுட்டோம்."

டாக்டர் கையை நீட்டினார். அக்கா கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

அந்த அறைச் சாமான்களெல்லாம் பயூமி மச்சான் கல்யாணமான புதிதில் தன் தச்சுப் பட்டறையில் தானே இழைத்துச் செய்தவை. ராஜா காலத்து மோஸ்தரில் சோபா, சிங்கக்கால் நாற்காலிகள், எல்லாவற்றுக்கும் தங்க முலாம், பட்டறையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்றுவரை பிரிக்கப்படாமல். சலவைக்கல் தரை. வெல்வெட் திரை. ஊருக்கெல்லாம் சிம்மாசனம் செய்கிற மனுஷன், பட்டறையில் கவிழ்த்துப்போட்ட பசை டின் மேல் உட்கார்ந்துதான் தேநீர் குடிப்பார்.

டாக்டர் ரிஃபத் உறையைத் தடவினார். தரையைத் தடவினார். அவர் குரல் தழுதழுத்தது. "துடைக்கத் தக்கது. வெளிச்சம் குறைவு. மனித வாடையே இல்ல! உத்தரவுக்கு இப்படிப் பொருந்துற அறையை என் சர்வீஸ்ல பாத்ததில்லை."

"தம்பி, நீயாவது சொல்லேன்டா!" என்று அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "டாக்டர், வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வராங்க."

"வர்றவங்க மனிதர்களா?"

"ஆமா."

"அப்ப முடியாது."

"எத்தனை நாளைக்குத்தான் டாக்டர்?"

"தற்காலிகம்னு தெளிவா போட்டிருக்கே!"

"அதான், எப்ப வரைக்கும்?"

"தேதி போட்டா அது தற்காலிகம் எப்படி ஆகும்? அந்தத் தேதிவரைக்கும்னு ஆயிடாதா?" என்று என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கதவில் தகடு அடித்தார். "முதல்தரத் தற்காலிகப் பறவை இருப்பிடம். தீவனம் வைப்பவர் தவிர மனிதர் நுழையத் தடை."

அவர் போனதும் வீடு இரண்டாகியது. "பேசாம வாத்துகளை அவங்க கிட்ட குடுத்துடலாம்டி" என்றாள் அக்கா.

"குடுத்தா எனக்குக் கல்யாணமே வேணாம்மா."

"அடிப்பாவி! அந்த ஜிலேபிக்காரனுக்காக ரெண்டு வருஷமா என் உயிரை வாங்கினியே!"

"அவனும் வேணும். எஃபெந்தியும் வேணும்" என்று நெர்மீன் தேம்பித் தேம்பி அழுதாள். மாடியிலிருந்து வாத்துகளின் தகரத் தொட்டியை நான்தான் இறக்கி வைத்தேன். எஃபெந்தி உள்ளே நுழைந்தது, நேராகப் பெரிய சோபாவில் ஏறியது, நாலு பக்கமும் பார்த்தது, வந்த காரியத்தை முடித்தது. பயூமி மச்சான் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் செஞ்ச சோபாடா. நானே இன்னும் உக்காரலை" என்றார்.

ஊர் சிரிக்கும் என்று நினைத்தோம். ஊருக்கு அதற்கு நேரமேது? எதிர்வீட்டு மதாம் ஷாஹினாஸ், "நாங்க என்ன பட்டிக்காட்டானுங்களா, வாத்து வளக்க?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவள், அக்கா வீட்டுத் தகட்டில் 'முதல்தர' என்பதைப் பார்த்ததும் சந்தையிலிருந்து இரண்டு வாத்துகளை வாங்கிவந்து ஆய்வாளருக்குச் சொல்லியனுப்பினாள். டாக்டர் வந்து அவள் சோபாவின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளத்தைக் கண்டுபிடித்தார். மனிதர் அமர்ந்ததற்கான தடயமாம். இரண்டாம் தரம்தான் கிடைத்தது. மதாம் அதோடு வெளியே தலைகாட்டவில்லை. புருஷன்தான் ஒருநாள் கால் வலிக்கிறதென்று உட்கார்ந்திருக்கிறான், படுபாவி. பட்டறைகளில் வாத்துக்கென்று முலாம் பூசிய தண்ணீர்த் தொட்டிக்கு ஆர்டர் குவிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹாஜ்ஜா ஃபவ்கிய்யாவை மொட்டைமாடிக்கு ஏற்றி, இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். வஜ்தி ஒரு தட்டு ஜிலேபியை மடியில் வைத்துக்கொண்டு நெர்மீனையே பார்த்தான். நெர்மீன் தரையையே பார்த்தாள். அக்கா தேநீர் கோப்பைகளை நீட்டினாள்.

"ஏன்மா, வீட்ல வரவேற்பறை இல்லியா?" என்றாள் ஹாஜ்ஜா.

"இருக்கு ஹாஜ்ஜா. உள்ள விடக்கூடாதாம்."

"யாரை?"

"யாரையும்."

"என்னைக்கூடவா?"

அக்கா அவளைக் கீழே அழைத்துப்போனாள். நான் பின்னாலேயே போனேன். ஹாஜ்ஜா தகட்டைப் படித்தாள். கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். தங்க முலாம் மினுக்கியது. ஹானிம் நாற்காலியில் அலகைச் சிறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தனையோ வீட்டுப் படி ஏறியிருக்கேன்" என்றாள் ஹாஜ்ஜா மெதுவாக. "எல்லாரும் பொசுக்குனு கதவைத் திறந்து விட்டுடுவாங்க. விருந்தாளியையே உள்ள விடாத வரவேற்பறையை இன்னைக்குத்தான் பாக்கறேன். இது குடும்பம்!"

அங்கேயே, கூடத்தில் நின்றபடியே ஃபாத்திஹா ஓதி நிச்சயம் முடிந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நெர்மீன் கண்ணாடியில் முகத்தை ஒட்டி எஃபெந்தியிடம் ஏதோ சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன்னால் காய்ச்சல் ஓய்ந்து, உத்தரவும் ரத்தானது. வாத்துகளை மாடிக்குக் கொண்டுபோக நெர்மீன் கூடையோடு நிற்கும்போது ஹாஜ்ஜாவிடமிருந்து ஆள் வந்தது. வாத்தை எடுத்துவிட்டால் கண்டவனும் உள்ளே வந்து உட்காருவான், அப்புறம் அது என்ன முதல்தரம், கல்யாணப் பேச்சை மறந்துவிடுங்கள் என்று.

"அதுங்களுக்கு வெயில் வேணும் மாமா. மாடித் தண்ணி வேணும்" என்று நெர்மீன் என்னிடம் அழுதாள். நான் டாக்டர் ரிஃபத்திடம் ஓடினேன்.

"தற்காலிகத்தை நீட்டிக்க விதியில்லை" என்றார். "நிரந்தரமாக்கறதை எந்த விதியும் தடுக்கலை."

கடைசியில் மூன்று வாத்துகளும் சீதனச் சாமான்களோடு லாரியில் ஏறின. புது வீட்டில் இரண்டே அறை. பெரியதில் முலாம் பூசிய சோபா, திரை, தகடு, வாத்துகள். சின்னதில் நெர்மீன், வஜ்தி, அடுப்பு, துணிமூட்டை. நெர்மீன் தீவனம் வைக்க உள்ளே போகும்போது மட்டும் கொஞ்ச நேரம் சோபாவில் உட்காருவாளாம். அதை ஹாஜ்ஜாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

போன மாதம் கால்நடை அலுவலகத்தில் புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். தற்காலிகத்துக்குப் பின்னான நிலையறியும் பொருட்டு, வீடுவீடாகக் குடியிருப்போர் கணக்கு. நான் நெர்மீனைப் பார்க்கப் போயிருந்த நேரம் டாக்டர் ரிஃபத் வந்தார். பெரிய அறையைப் பார்த்தார், சின்ன அறையை எட்டிப் பார்த்தார், எழுதினார். நான் தோளுக்கு மேலாக வாசித்தேன். "குடியிருப்போர் மூவர். பணியாட்கள் இருவர்."

விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லியும் சிரித்தேன். நாங்கள் நாலு பேரும் சமையலறையில் ஒருவர் முழங்கை அடுத்தவர் தட்டில் படாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார் டாக்டர். எங்கள் வரவேற்பறையைத் திறந்து, உறை பிரிக்காத சோபாவைப் பார்த்தார். அடியிலும் மேலேயும் வாத்து இருக்கிறதா என்று தேடினார். பிறகு எழுதினார்: "ஆளில்லாத வீடு."

"என்ன டாக்டர் இது? நாலு பேரு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கோமே!"

"வரவேற்பறையில உக்காந்திருக்கீங்களா?"

"இல்ல."

"எப்பவாவது?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ரொட்டியைத் தட்டில் வீசினாள்.

"அப்பவே தலைபாடா அடிச்சிக்கிட்டேன், ரெண்டு வாத்து வாங்குங்கன்னு. கேட்டீங்களா?"