ஆறு வருஷமாகத் திறக்காத கதவு

சரித்திர நாவல் எழுதப்போகிறவர் என்று ஓர் இனம் உண்டு. எழுதுகிறவர் அல்ல, எழுதப்போகிறவர். மெட்ரோவில் எதிரே இருப்பவரின் பையிலிருந்து கிழிந்த ரவிக்கைத் துணியும் நாலு குறிப்பு நோட்டும் எட்டிப் பார்க்கின்றனவா? அவரேதான்.

திருவொற்றியூர்ப் பகலவனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நாவல், 1925-இல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனின் காதல் கதை. முதல் அத்தியாயத்தில் கொட்டும் மழையில் ராயபுரம் வந்து நாயகியின் கதவைத் தட்டினான். தட்டி ஆறு வருஷம் ஆகிறது. அவள் ரவிக்கைக் கை முழங்கை வரையா, அதற்கு மேலா என்று பகலவனுக்குத் தெரியவில்லை. தெரியாமல் அவள் எப்படி வெளியே வருவாள்? நாயகன் நனைந்து நனைந்து காதில் பாசி படர்ந்து, கடைசியாக நான் விசாரித்தபோது அவன் சட்டைப் பையில் ஒரு தவளை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அந்தச் சட்டைக்குப் பை உண்டா? அது தனி நோட்டு.

பதிப்பாளர் பொறுமையிழந்தார். வெள்ளிக்கிழமைக்குள் முதல் அத்தியாயம் வராவிட்டால் புத்தகமே கிடையாது என்றுவிட்டார்.

வியாழன் காலை பகலவன் வண்ணாரப்பேட்டைக்கு ஓடினார். நாலு தலைமுறையாக ரவிக்கை தைக்கும் வீட்டைச் சேர்ந்த ரஹீமுன்னிசா, டீ ஆறுவதற்குள் கை அளவைச் சொல்லிவிட்டார். முழங்கைக்கு மேலே நாலு விரக்கடை. தீர்ந்தது. இனிக் கதவு திறக்கலாம். அந்த மகிழ்ச்சியில் பகலவன், கதவு திறந்ததும் நாயகன் பேசப்போகும் வசனத்தையும் வாசித்துக் காட்டினார்: “நங்காய், நின் நினைவால் நெஞ்சம் நைந்தேன்.”

ரஹீமுன்னிசா கத்தரியைக் கீழே வைத்தார்.

“இன்னா நைனா, மூட்ட தூக்கறவன் பொண்ணாண்ட பேசறானா, கல்வெட்டு படிக்கறானா?”

பின்னே எப்படிப் பேசுவான் என்று கேட்டார் பகலவன்.

“‘நீ இல்லாம ஒரே பேஜாரா கீது மே’ன்னுவான். அவ்ளோதான்.”

பகலவனின் கண் கலங்கியது. இதைவிட நல்ல வரி அவருக்கு இனி எங்கே கிடைக்கும்? பேனா தாளைத் தொட்டது. நின்றது.

“பேஜாரு... 1925-இல் இந்தச் சொல் இருந்ததா?”

வெள்ளிக்கிழமை பதிப்பாளருக்குப் போனது அத்தியாயமல்ல. ‘பேஜாரு’ பற்றிய நாற்பது பக்க ஆராய்ச்சி. மறுநாளே, ஒப்பந்தம் ரத்து என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பகலவன் இடிந்துபோனார் என்றா நினைக்கிறீர்கள்? ‘ரத்து’ எந்த வருஷம் சென்னைக்கு வந்தது என்று கண்டுபிடிக்கப் புது நோட்டு வாங்கிவிட்டார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ‘ரத்து’ உருதுவா அரபியா என்று தேட உங்கள் கை போனை நோக்கி நகர்கிறதே, அதை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.