இருபத்தெட்டு டிகிரி

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. சக்கரத்தை முதலில் உருட்டிவிட்டவரின் பெயரையும் யாரும் குறித்துவைக்கவில்லை. ஆனால் இருபத்தெட்டு டிகிரியை நியூ ஜெர்சித் தமிழர்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர் மான்மவுத் ஜங்ஷன் வாஞ்சிநாதன்தான் என்பதற்குக் கூட்டக் குறிப்பே சாட்சி. பிற்காலத்தில் யாரும் சந்தேகம் கிளப்பிவிடக் கூடாதே என்று அதை அவரே முன்மொழிந்து, அவரே வழிமொழிந்து, அவரே டைப் அடித்தும் வைத்தார்.

தமிழ்ச் சங்கத்தின் கோடைப் பிக்னிக்கில் ஒவ்வொரு ஜூலையும் மான்மவுத் ஜங்ஷன், பிஸ்கட்டவே என்ற இரண்டு ஊர் அணிகளும் சாஃப்ட்பால் ஆடும். சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலின் சாதுவான தங்கை. பந்து பெரிது, எறிவது மெது, ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடலாம். அடித்தவர் மூன்று பேஸ்களையும் தொட்டு, நான்காவது முனையான ‘ஹோம்’ என்ற வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். தோற்ற அணி பூங்காவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். மான்மவுத் ஜங்ஷன் தொடர்ந்து ஏழு வருடம் சுத்தம் செய்திருந்தது. தமிழர்கள் சுத்தத்தில் கெட்டி என்று பூங்கா ஊழியர் ஒருவர் மனம் நெகிழ்ந்து பாராட்டியதுண்டு. பாவம், அவர் ஏழு வருடமும் பார்த்தது அதே பத்துப் பேரை.

எட்டாவது வருடத்தின் வசந்த காலத்தில்தான் வாஞ்சிநாதனுக்கு ஞானம் பிறந்தது. பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டா பார்க்கிறவர் அவர். தொழில்முறை பேஸ்பாலில் இப்போதெல்லாம் ஹோம் ரன்கள் ஏன் இப்படிக் கொட்டுகின்றன என்று ஒரு வாரம் விடுப்பு எடுத்துப் படித்தார். ரகசியம் எளிமையானது. மட்டையை மேல்நோக்கி வீசி, பந்தை இருபத்தைந்திலிருந்து முப்பது டிகிரிக்குள், உத்தமமாக இருபத்தெட்டில், வானத்துக்கு அனுப்பினால் அது வேலியைத் தாண்டும், அதுதான் ஹோம் ரன். மூன்று முறை வீசி மூன்றும் காற்றில் போனால் அவுட், போகட்டும். முன்பெல்லாம் அப்படி அவுட்டாகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறுவார்கள். இப்போது கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்களே தலை நிமிர்ந்து அவுட்டாகிறார்கள். சில வருடங்களில் ஹிட்டைவிட அந்த அவுட்களே அதிகம். இதைவிட உயர்ந்த தத்துவம் எந்த மதத்திலும் இல்லை என்று வாஞ்சிநாதன் முடிவுக்கு வந்தார்.

ஜூமில் கூட்டம் கூட்டினார். நாற்பத்தொரு ஸ்லைடு. கூடவே, பள்ளி அணியில் ஆடுகிற அவர் மகள் தீக்ஷா எழுதிக்கொடுத்த இரண்டு பக்க விதிமுறையும் இணைப்பாகப் போயிற்று. அந்த இணைப்பை ஒருவரும் திறக்கவில்லை, அனுப்பியவர் உட்பட.

“பாஸ், நம்ம டீம்ல அவ்ளோ தூரம் அடிக்கிற ஆள் யாரு இருக்கா?” என்று கேப்டன் அல்தாப் கேட்டார்.

“ஆள் முக்கியமில்ல பாய். ஆங்கிள்தான் முக்கியம்.”

“பந்து படவே இல்லன்னா?”

“அது ‘ஆரோக்கியமான’ அவுட்.”

அல்தாப் கொஞ்ச நேரம் ம்யூட்டில் போய்விட்டு வந்தார். பிறகு, இந்தத் தடவையும் தோற்றால் குப்பை முழுவதையும் வாஞ்சிநாதன் ஒருவரே பொறுக்க வேண்டும் என்ற திருத்தத்துடன் தீர்மானத்தை ஏற்பதாகச் சொன்னார். ஒருமனதாக நிறைவேறியது. பந்தை மெல்லத் தட்டி முதல் பேஸுக்கு ஓடும் ‘சிங்கிள்’ என்ற பழக்கம் ஊக்குவிக்கத் தகாதது என்றும், ஸ்கோர் ஆப்பிலிருந்து அதற்கான பட்டனே நீக்கப்படும் என்றும் உபதீர்மானம் ஆயிற்று.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. மான்மவுத் ஜங்ஷனின் சிங்கிள்கள் அனைத்தையும் ஏழு வருடமாக அடித்துவந்தவர் வாஞ்சிநாதனின் மனைவி ருக்மிணி. கும்பகோணத்தில் கல்லூரி நாட்களில் பூப்பந்து ஆடியவள். ஆள் இல்லாத இடம் எதுவென்று அவள் கண்ணுக்குத் தெரியும். பந்தை அங்கே வைத்துவிட்டு நடந்துபோவாள். வாஞ்சிநாதன் அவள் மட்டையில் சென்சார் மாட்டி அளந்தார். ஏழு டிகிரி. அறிவியலுக்கு முன் உறவு ஏது? “வியூகக் கையிருப்பு” என்ற புதிய பதவி உருவாக்கப்பட்டு ருக்மிணி அதில் அமர்த்தப்பட்டாள். பதவிக்குரிய கடமை, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது.

“என்னை டீம்லேர்ந்து எடுத்துட்டீங்களாமே? ஈமெயில் பாத்தேன்.”

“எடுக்கல ருக்கு. ரிசர்வ்ல வெச்சிருக்கோம்.”

“நேத்து டின்னர்ல எதிர்லதானே உக்காந்திருந்தீங்க. வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே.”

“அது கமிட்டி டிசிஷன். கான்ஃபிடென்ஷியல்.”

அவள் பீன்ஸ் நறுக்குவதைத் தொடர்ந்தாள். ஒன்றுபோல் பொடிப்பொடியாக, ஏழு டிகிரியில்.

உண்மையில் ஹோம் ரன் வாஞ்சிநாதனுக்குப் புதிதல்ல. வாழ்க்கையையே அவர் அப்படித்தான் ஆடிவந்தார். டெக்சஸின் டாலஸில் நல்ல வேலையில் இருந்தவர், ஒரே வீச்சில் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்குத் தாவினார். அங்கிருந்து அடுத்த வீச்சு நியூ ஜெர்சி. ருக்மிணி டெக்சஸில் கணக்கு டீச்சராகி முதல் வருடம் முடிக்கும்போது கலிஃபோர்னியா வந்தது. கலிஃபோர்னியாவில் உரிமம் வாங்கி வகுப்புக்குள் காலெடுத்து வைக்கும்போது நியூ ஜெர்சி வந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் முதல் பேஸிலிருந்து புறப்படும் அரிய வாய்ப்பை மனைவிக்கு மூன்று முறை வழங்கிய கணவர் இந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை.

இருபத்தெட்டு டிகிரித் தத்துவம் சமையலறைக்கும் பரவியது. அவரவர் சமைத்துக் கொண்டுவரும் பிக்னிக் பாட்லக்கில் சில்லறை அயிட்டம் வேண்டாம், வீட்டுக்கொரு ‘ஹோம் ரன் டிஷ்’ வரட்டும் என்று வாஞ்சிநாதன் சுற்றறிக்கை விட்டார். பதினோரு பிரியாணி வந்தது. அதில் ஒன்று வெஜிடபிள். அப்படி ஒரு பிரியாணி உலகில் உண்டென்பதை அல்தாபின் மனைவி ஷஹீமா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. தட்டு, தண்ணீர், தயிர்ப் பச்சடி மூன்றும் யாருடைய தகுதிக்கும் எட்டாமல் போயின. ருக்மிணி பேசாமல் காரை எடுத்துக்கொண்டு போய் மூன்றையும் வாங்கிவந்து வைத்தாள். சுற்றறிக்கையில் அதற்கு இடம் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. நடுவர் தீக்ஷா. சென்ற வருடம் சொந்த அப்பாவையே அவுட் கொடுத்தவள் என்பதால் பிஸ்கட்டவே அணி அவளை முழு மனதுடன் ஏற்றது. மான்மவுத் ஜங்ஷன் வீரர்கள் ஒவ்வொருவராக வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, மூன்று முறை காற்றை விளாசி, ஆரோக்கியமாக அவுட்டானார்கள். பிஸ்கட்டவேயோ வெட்கமில்லாமல் தட்டித் தட்டி இரண்டு ரன் எடுத்தது. அவர்கள் கேப்டன் சேனாபதி உயரப் பறந்த ஒரு பந்தின் அழகில் மெய்மறந்து அதைக் கோட்டைவிட்டதில் நமக்கும் ஒன்று கிடைத்தது.

கடைசி இன்னிங்ஸ். இரண்டுக்கு ஒன்று. நம் பக்கம் இரண்டு பேர் அவுட். அல்தாப் வந்தார். இரண்டாவது வீச்சில் பந்து தன் வழியில் போயிற்று, இடுப்புதான் இடம் விட்டு நகர்ந்துவிட்டது. அவரைத் தூக்கிப் புல்லில் கிடத்திய பிறகுதான் வியூகக் கையிருப்பு ஒன்று மரத்தடியில் இருப்பது அணிக்கு நினைவு வந்தது.

ருக்மிணி துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். மிச்சம் இருந்தது ஒரே வீச்சு. சேனாபதிக்கும் அவர் பக்கத்து ஆளுக்கும் நடுவே பந்தை வைத்துவிட்டு முதல் பேஸில் போய் நின்றாள். ஆப்பில் பட்டன் இல்லாததால் அவள் அங்கே நிற்பது அதிகாரபூர்வமாக நடக்கவே இல்லை.

அடுத்து வாஞ்சிநாதன். வாழ்நாளில் ஒரு தடவையாவது ஒரு பந்து வேலியைத் தாண்ட வேண்டும் என்பது நாற்பத்தேழு வயதுவரை அவர் யாரிடமும் சொல்லாத ஆசை. தாண்டினால் அவர்கள் இருவருமே நான்கு முனையையும் சுற்றி வந்துவிடலாம். மூன்றுக்கு இரண்டு, வெற்றி. தாண்டாவிட்டால் பத்துப் பிரியாணியின் எலும்புகளும் அவருக்கே.

இரண்டு வீச்சு காற்றில் போயிற்று.

“ஏங்க,” என்றாள் ருக்மிணி முதல் பேஸிலிருந்து. “சும்மா தட்டிவிடுங்க போதும். மீதிய பின்னாடி வர்றவங்க பாத்துப்பாங்க.”

அவர் காதில் விழவில்லை. வீசினார்.

அந்தச் சத்தத்தை அதற்கு முன் மான்மவுத் ஜங்ஷன் கேட்டதில்லை. பந்து எழுந்தது. சேனாபதியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பார்க்கிங்கில் நின்ற வேன்களையும் தாண்டி மறைந்தது. சென்சார் காட்டியது: இருபத்தெட்டு. பிஸ்கட்டவேக்காரர்களே கை தட்டினார்கள். அல்தாப் புல்லில் படுத்தபடியே கையை உயர்த்தினார். வாஞ்சிநாதன் இரண்டு கைகளையும் விரித்து, பந்து போன வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஓடினார். முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது. கடைசி முனையில் இரண்டு காலாலும் எம்பிக் குதித்து மிதித்தார்.

தீக்ஷா முஷ்டியை உயர்த்தினாள்.

“அப்பா, யூ ஆர் அவுட்.”

“எப்படிம்மா? பந்துதான் வேலிக்கு அந்தாண்ட போயிடுச்சே.”

“பால் போச்சு. பட் யூ பாஸ்டு அம்மா.”

எல்லோரும் திரும்பினார்கள். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ருக்மிணி நின்றுகொண்டிருந்தாள்.

முன்னால் ஓடுகிறவரைப் பின்னால் வருகிறவர் முந்தக் கூடாது. முந்தினால், பந்து நிலாவுக்கே போயிருந்தாலும், முந்தியவர் அவுட். யாரும் திறக்காத அந்த இணைப்பின் இரண்டாம் பக்கத்தில் இது இருந்தது. அதுவே மூன்றாவது அவுட் என்பதால் ஆட்டம் முடிந்தது. இன்னும் வீடு வந்து சேராத ருக்மிணியின் ரன்னும் கணக்கில் இல்லை. மான்மவுத் ஜங்ஷன் வரலாற்றின் முதல் ஹோம் ரன்னுக்குக் கிடைத்த ரன்: பூஜ்யம்.

சேனாபதி குப்பைப் பைகளைச் சுருளாகக் கொண்டுவந்து, சால்வை போர்த்துகிற மரியாதையோடு வாஞ்சிநாதன் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் ஒரு பையைப் பிரித்துப் பார்த்தார். பையின் வாய் திறக்கவில்லை. ருக்மிணி வந்து அதை வாங்கி, விரலால் தேய்த்துத் திறந்து, அவருக்கு வாகாக விரித்துப் பிடித்தாள். திருத்தத்தின்படி அவள் உதவக் கூடாது. அல்தாப் படுத்த இடத்திலிருந்து ஆட்சேபிக்கவில்லை.

“நீ ஏன் ருக்கு நடு வழியில நின்ன?”

“உங்களுக்குக் கை தட்டிட்டு இருந்தேன்.”

வாஞ்சிநாதன் ஒரு தட்டை எடுத்துப் பையில் போட்டார். இன்னொன்றையும் போட்டார். எலும்புகளையும் போட்டார்.

“சத்தியமா நான் உன்னைப் பாக்கல.”

“விடுங்க,” என்றாள் ருக்மிணி. “கல்யாணமான பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு அம்பயர் பாத்திருக்கா.”